வண்ணப் படத்தில் விழும் பட்டைகள்

இருட்டறையில் தம் கையாலேயே வண்ணப் படம் அச்செடுத்துப் பார்க்கும் ஆசை மாணவர் சிலரிடம் மறுபடியும் தலைகாட்டி வருகிறது. கைப்பேசியைத் தொட்டவுடன் படம் கிடைக்கும் இந்நாளில் இப்படியும் ஓர் ஆசையா என்று பெரியவர்கள் வியக்கிறார்கள். நான் வியக்கவில்லை; மகிழ்கிறேன். ஆனால் அந்த மாணவர்கள் என்னிடம் எடுத்து வரும் படங்களைப் பார்க்கும்போது, பத்தில் ஏழெட்டில் ஒரே வகைக் குறைதான் தென்படுகிறது. படத்தின் ஒரு பக்கம் நன்றாயிருக்கும். மற்றொரு பக்கம் வெளுத்திருக்கும். அல்லது வானத்தின் குறுக்கே, யாரோ ஈர விரலால் இழுத்தாற்போல, செந்நிறக் கீற்று ஒன்று ஓடியிருக்கும். "மருந்து கெட்டுவிட்டது போலிருக்கிறது, சார்" என்பார்கள். மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பார்கள். கீற்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கும்.

நேயர்களே, இந்தக் கீற்றும் பட்டையும் எங்கிருந்து வருகின்றன, அவற்றின் பிறப்பிடத்தை எவ்வாறு துப்புத் துலக்குவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில், கறுப்பு வெள்ளைப் படத்தில் இத்துணைத் தொல்லை ஏன் இல்லை என்று கேட்டுக்கொள்வோம். அதிலும் உருத்துலக்கும் திரவம், அதாவது டெவலப்பர், ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் பாயலாம். பாய்ந்தால் சாம்பல் நிறம் சிறிதளவு கூடும் அல்லது குறையும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். வண்ணத் தாளில் அப்படியன்று. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் உள்ளன. மேலடுக்கு சிவப்பு ஒளியை வாங்கிக்கொண்டு சயான் என்னும் மயில்கழுத்து நிறத்தைத் தருகிறது. நடு அடுக்கு பச்சை ஒளியை வாங்கி மெஜந்தாவை, நம் ஊரில் வாடாமல்லி நிறம் என்போமே அதனை, தருகிறது. அடியில் இருப்பது நீல ஒளிக்கு இசைந்து மஞ்சளைத் தருகிறது. மூன்றும் ஒத்த அளவில் வளர்ந்தால்தான் சாம்பல் சாம்பலாக இருக்கும். ஒன்று பின்தங்கினாலும் சாம்பல் நிறம் திரிந்து நீலமாகவோ சிவப்பாகவோ ஆகிவிடும். ஒளியின் அளவில் நேரும் சிறு பிசகைப் பொறுக்கும் நம் கண், நிறத்தில் நேரும் பிசகைப் பொறுப்பதில்லை.

மூன்று நிறங்களால் எல்லா நிறங்களையும் ஆக்கலாம் என்பதை மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1861ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஒரு வண்ண நாடாவின் படத்தைத் திரையில் காட்டி மெய்ப்பித்தார். டெவலப்பர் தன் வேலையைச் செய்யும்போது உண்டாகும் கழிவுப் பொருளையே சாயமாக மாற்றிக்கொள்ளலாம் என்னும் அருமையான வழியை, ருடால்ப் பிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். இன்றைய வண்ணத் தாளும் பிஷர் காட்டிய வழியில்தான் நடக்கிறது. ஒளி பட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் வெள்ளியாக்குகிறது. ஆக்கும்போது தானும் மாறுதல் அடைகிறது. மாறிய அப்பொருள் அடுக்கில் காத்திருக்கும் மற்றொரு பொருளோடு கூடிச் சாயமாகிறது. பிறகு வெள்ளியை முழுவதும் நீக்கிவிடுகிறோம். சாயம் மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே டெவலப்பர் எங்கே எவ்வளவு பாய்ந்ததோ, அதன் வரலாறு அப்படியே சாயமாகத் தாளில் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த அடுக்குகளின் வரிசையை நம் பக்கத்து மக்கள் பலர், தாம் அறியாமலே கண்டிருக்கிறார்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்திற்குள் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டு, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. நீரில் நாட்கணக்கில் ஊறிய திருமண ஆல்பங்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: படத்தின் நடுவில் முகம் தெரியும், அதைச் சுற்றிச் சிவப்பு, அதற்கப்பால் மஞ்சள், ஓரத்தில் வெறும் வெள்ளைத் தாள். மேலிருந்த சயான் அடுக்கு முதலில் கரைந்தபோது, எஞ்சிய வாடாமல்லியும் மஞ்சளும் கூடிச் சிவப்பாயின. வாடாமல்லியும் போனபின் மஞ்சள் நின்றது. அதுவும் போனபின் தாள் நின்றது. பாடப் புத்தகத்தில் வரைந்து காட்டும் குறுக்குவெட்டுப் படத்தை வெள்ளம் இவ்வாறு வீடுதோறும் வரைந்து காட்டிச் சென்றது.

இனிக் குறையைத் தேடும் வழிக்கு வருவோம். ஒரு குறை இரண்டில் ஒரு வகையாக இருக்கும். ஒரே தாளுக்குள் இடத்துக்கு இடம் நிறம் மாறுவது ஒரு வகை. தாள் முழுவதும் சீராக இருந்தும், தாளுக்குத் தாள் நிறம் மாறுவது மற்றொரு வகை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மாணவர்கள் மருந்தை வீணாகக் கொட்டுகிறார்கள்.

தாளுக்குத் தாள் மாறுவதற்கு நம் புறநகரில் முதற் காரணம் மின்சாரம். என்லார்ஜரில் இருப்பது இழை விளக்கு. மின்னழுத்தம் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், அதன் வெளிச்சம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். குறைவதோடு வெளிச்சம் சிவந்தும் போகும். சிவப்பு ஒளி மிகுந்தால் தாளில் சயான் மிகும் என்று முன்னமே கண்டோம். ஆகவே மாலையில் எல்லார் வீட்டிலும் விளக்கும் குளிர்பதனக் கருவியும் ஓடும் நேரத்தில் எடுத்த படம், நள்ளிரவில் எடுத்த படத்தைவிட வெளிறியும் மயில்கழுத்து நிறம் பாய்ந்தும் நிற்கும். மருந்து மாறவில்லை, கையும் மாறவில்லை. இதற்கு நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றே பரிகாரம். ஆனால் அந்த ஸ்டெபிலைசரின் முகப்பில் ஒளிரும் சிறு பச்சை விளக்கைக் கறுப்பு ஒட்டுத்தாளால் மூடிவிட வேண்டும். வண்ணத் தாளுக்கு எல்லா ஒளியும் பகை. முழு இருட்டே அதற்கு ஏற்றது. இருளில் மினுங்கும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வெளியே வைப்பது நலம்.

ஒரே தாளுக்குள் விழும் பட்டைதான் கடினமான வழக்கு. அது விளக்கிலிருந்து வந்திருக்கலாம், தாளிலிருந்து வந்திருக்கலாம், குளியலிலிருந்து வந்திருக்கலாம். கீற்றை உற்றுப் பார்த்து இன்னதென்று சொல்லிவிட முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். நெடுங்காலம் பழகியவர்களுக்கும் அது எப்போதும் கைகூடுவதில்லை. படத்தில் உருவம் இருக்கும்வரை குறை அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே உருவத்தை எடுத்துவிட வேண்டும்.

என்லார்ஜரில் நெகட்டிவுக்குப் பதிலாக, அதே பிலிம் சுருளின் நுனியில் படம் விழாமல் எஞ்சும் ஆரஞ்சு நிறத் துண்டை வையுங்கள். தாள் நடுத்தரச் சாம்பல் நிறமாக வரும்படி வடிகட்டிகளையும் நேரத்தையும் அமைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், ஒளி காட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு தாளிலும் வலது மேல் மூலையைக் கத்தரிக்கோலால் சிறிது நறுக்கிவிடுங்கள். இரண்டு தாள்களுக்கு ஒரே வகையாக ஒளி காட்டுங்கள். முதல் தாளை, நறுக்கிய மூலை டிரம்மின் மூடிப் பக்கம் வரும்படி நுழைத்துக் கழுவுங்கள். இரண்டாவதை நேர்மாறாக, நறுக்கிய மூலை அடிப்பக்கம் வரும்படி நுழைத்துக் கழுவுங்கள். உலர்ந்தபின், நறுக்கிய மூலைகள் ஒரே பக்கம் வரும்படி இரண்டையும் அருகருகே வையுங்கள். இரண்டிலும் பட்டை ஒரே இடத்தில் இருந்தால், அது டிரம்முக்குள் செல்வதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஒன்றில் இப்பக்கமும் மற்றொன்றில் அப்பக்கமும் இருந்தால், குறை டிரம்மிலோ குளியலிலோ உள்ளது. நான்கு ரூபாய்க் கத்தரிக்கோல் வெட்டு, நாற்பது தாள்களைக் காப்பாற்றுகிறது.

முன்பே விழுந்ததாகத் தெரிந்தால், மூன்றாவது தாளை என்லார்ஜரின் அடியில் திருப்பி வைத்து ஒளி காட்டிப் பாருங்கள். பட்டை மூலையோடு திரும்பினால் தாளின் குறை. திரும்பாவிட்டால் விளக்கின் குறை. வடிகட்டி முழு ஒளியையும் மறைக்காமல் பாதியில் நிற்பது, விளக்கு நடுவில் இல்லாதது, பழைய சாய வடிகட்டி வெப்பத்தில் வெளுத்திருப்பது ஆகியவை விளக்கின் குறைகள். இவற்றைக் கண்டபின் திருத்துவது எளிது. விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

குளியலின் குறைகளோ பல. வண்ணத் தாளுக்கு இன்று வழங்கும் டெவலப்பர் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் முக்கால் நிமிடத்தில் தன் வேலையை முடித்துவிடுகிறது. பழைய முறையில் மூன்றரை நிமிடம் இருந்தது. முக்கால் நிமிடத்தில், திரவம் தாளின் ஒரு முனையைத் தொட்டு மறு முனையை அடைய ஐந்து விநாடி ஆயிற்று என்றால், ஒன்பதில் ஒரு பங்கு நேரம் போயிற்று. முந்தி நனைந்த முனை கருத்தும், பிந்தி நனைந்த முனை வெளுத்தும் நிற்கும். அந்த வெளுப்பில் நீலமும் பாய்ந்திருக்கும். ஏனெனில் அடியில் உள்ள மஞ்சள் அடுக்குக்குத் திரவம் கடைசியாகவே சென்று சேர்கிறது, பட்டினி கிடப்பதும் அதுவே. இதற்கு மாற்று, முதலில் அதே வெப்பமுள்ள வெறும் தண்ணீரை அரை நிமிடம் டிரம்மில் ஓட விட்டு வடித்துவிடுவது. தாளின் பூச்சு எங்கும் ஒரே வகையாக ஊறிக்கொள்ளும். பின்னர் வரும் டெவலப்பர் எங்கும் ஒன்றுபோல நுழையும்.

டெவலப்பரை வடித்தவுடன், வெள்ளியை நீக்கி நிலைப்படுத்தும் பிளிக்ஸ் என்னும் குளியலை நேரே ஊற்றுகிறவர்கள் உண்டு. இயந்திரத்தில் உருளைகள் தாளைப் பிழிந்து அனுப்புவதால் அங்கே அது செல்லும். நம் டிரம்மில் செல்லாது. தாளில் எஞ்சிய டெவலப்பரை பிளிக்ஸ் தாக்கியதும், ஒளி படாத இடத்திலும் சாயம் பிறக்கிறது. திரவம் ஓடிய வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கீற்று விழுகிறது. நடுவில் அரை நிமிடம் நீர்த்த அசிடிக் அமிலத்தால் கழுவினால் இந்தக் கீற்று மறைந்துவிடும். புளிக்காடி வாசனை அறையில் எழும், அவ்வளவுதான் செலவு. மாறாக, பிளிக்ஸின் சில துளிகள் டெவலப்பரில் கலந்தாலோ, டெவலப்பரே கெட்டுவிடும். இரண்டுக்கும் ஒரே அளவைக் குவளையைப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது. கையுறை அணிவதும் கட்டாயம். வண்ண டெவலப்பர் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும்.

திரவத்தை அசைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அசைக்காவிட்டால் திட்டுத் திட்டாக வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போதும் ஒரே தாளத்தில், ஒரே திசையில் அசைத்தாலும் பட்டை விழும் என்பது பலருக்குத் தெரியாது. திரவம் ஒரே வாய்க்காலில் ஓடப் பழகிவிடுகிறது. திரைப்படப் பிலிமைக் கழுவும் ஆய்வுக்கூடத்தினர் இதனை நன்கு அறிவர். பிலிமின் ஓரத் துளைகள் வழியே திரவம் பீறிட்டு, ஒவ்வொரு துளைக்கும் நேராக ஒரு கீற்றை வரைந்துவிடும். திரையில் அது துடிக்கும். 1945இல் தொடங்கப்பெற்று அடையாறு திரைப்படக் கல்லூரி என்று நெடுங்காலம் வழங்கிய தரமணி நிறுவனத்தில், பிலிம் கழுவுதலையே ஒரு தனிப் படிப்பாக வைத்துக் கற்பித்ததற்குக் காரணம் இத்தகைய நுட்பங்களே. நாம் டிரம்மை முன்னும் பின்னுமாக உருட்டி, இடையிடையே இரு முனைகளையும் மாற்றி மாற்றிச் சற்றுத் தூக்கிவிட்டால் போதும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் நம் பகுதியின் இருட்டறையைப் பற்றிச் சொல்லி முடிக்க இயலாது. ஒரு வகையில் நாம் பாக்கியசாலிகள். குளிர்நாட்டார் 35 டிகிரிக்குத் திரவத்தைச் சூடேற்றப் பெரும்பாடு படுகிறார்கள். நமக்கோ மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில் இறங்கி வருகிறது. பிற்பகலில் அதனையும் தாண்டிவிடுவதால், ஆறவைக்க வேண்டிய நிலையும் நேரும். ஆனால் மார்கழியில் பத்து டிகிரி குறைந்துவிடும். அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் கலந்து, அதில் மருந்துப் புட்டிகளை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்தே ஊற்ற வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது. லாரித் தண்ணீரோ இன்று ஒரு வகை, நாளை ஒரு வகை. கடின நீரில் டெவலப்பரைக் கரைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பு வெண்படலமாகப் பிரிந்து தாளில் ஒட்டும். நீரிலுள்ள சிறிதளவு இரும்பும் டெவலப்பரை விரைந்து கெடுக்கும். ஆகவே மருந்து கலக்க வாலை வடிநீரோ, இப்போது பல வீடுகளில் உள்ள சுத்திகரிப்புப் பொறியின் நீரோ வேண்டும். கடைசி அலசலுக்கும் அதுவே சிறந்தது. கழுவி உலர்ந்த படத்தில் வெண்புள்ளிகள் தெரிந்தால், வாயால் ஊதி ஈரமாக்கி மென்துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது தண்ணீர் விட்டுச் சென்ற உப்பு. போகாவிட்டால் சாயத்தின் குறை. ஈரமாக உள்ள வண்ணத் தாள் நீலம் பூத்துத் தோன்றும் இயல்புடையது; உலர்வதற்கு முன் எந்தத் தீர்ப்பும் கூற வேண்டாம்.

பயன்படுத்திய பிளிக்ஸில் வெள்ளி கரைந்துள்ளது. அதனைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டுவது தகாது. புட்டியில் சேர்த்து வைத்து, வெள்ளி பிரிப்பவரிடமோ கல்லூரியின் வேதியியல் கூடத்திலோ ஒப்படைக்க வேண்டும். குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், நாகல்கேணிப் பக்கத்து நிலத்தடி நீரில் தோல் பதனிடும் குரோமியம் கலந்து கிணறுகள் பாழான கதையை நாம் அறிவோம். ஓர் இருட்டறையின் கழிவு அதன் முன் கடுகளவுதான் என்று வாதிப்போரும் உண்டு. குடிப்பது அதே நிலத்து நீர் ஆகையால் எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை.

இவ்வளவும் சொன்னபின், துப்புத் துலக்கிய ஒரு வழக்கைக் கூறுகிறேன். முடிச்சூரைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவருடைய தோழரும் ஒரு கத்தைப் படங்களோடு வந்தார்கள். அந்த வீட்டின் ஆல்பம் 2015 வெள்ளத்தில் போயிற்று. பரண்மேல் இருந்ததால் நெகட்டிவ்கள் மட்டும் பிழைத்தன. அவற்றை ஒவ்வொன்றாக அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நூறு தாள் கொண்ட பெட்டியில் ஏறக்குறைய பாதி தீர்ந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் ஓர் ஓரம் வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. அதோடு சிவந்த மெல்லிய கீற்று ஒன்றும் இருந்தது. மருந்தை இருமுறை மாற்றிவிட்டார்கள். வெளுத்த ஓரத்தைச் சரிக்கட்ட வடிகட்டிகளையும் மாற்றிக்கொண்டே போனதில், நன்றாயிருந்த ஓரம் மஞ்சளாகிவிட்டது.

சாம்பல் தாள் சோதனையைச் செய்து வரச் சொன்னேன். மறுவாரம் இரண்டு தாள்களோடு வந்தார்கள். மூலைகளைச் சேர்த்து வைத்தால், வெளுப்பு ஒன்றில் இடப்பக்கமும் மற்றொன்றில் வலப்பக்கமும் இருந்தது. டிரம்மின் அடிமுனை எப்பக்கமோ அப்பக்கமே வெளுப்பு. விளக்கும் தாளும் குற்றமற்றவை என்று ஆயிற்று. "டிரம்மை எங்கே வைத்து உருட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். "குளியலறைத் தரையில்தான், சார்" என்றார்கள். அந்தக் குளியலறையே அவர்களுடைய இருட்டறை.

நம் வீடுகளில் குளியலறைத் தரையைக் கொத்தனார் சமமாகப் போடுவதில்லை. தண்ணீர் வடிய வேண்டுமே என்று ஜலதாரைப் பக்கம் வாட்டம் கொடுத்தே போடுகிறார். அறை குறுகலானது, ஆகையால் டிரம்மின் மூடி ஜலதாரையைப் பார்த்தே கிடந்தது. ஊற்றிய சிறிதளவு டெவலப்பர் மூடிப் பக்கம் தேங்கி நிற்க, மேட்டுப் பக்கத்து ஓரம் அரைப் பட்டினி கிடந்தது. கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கி, பலகையின் ஒரு முனைக்கு மரச் சிம்பு கொடுத்துச் சமன் செய்து, அதன்மேல் உருட்டினார்கள். வெளுப்பு நீங்கியது.

சிவந்த கீற்று நீங்கவில்லை. எப்படித் திருப்பி நுழைத்தாலும் அது மூடிப் பக்கத்திலேயே தொடங்கிற்று. அவர்கள் ஒவ்வொரு முறையும் டிரம்மின் உட்புறத்தை நன்றாக அலம்பித் துடைத்தார்கள். மூடியின் உள்வளையத்தை மட்டும் துடைப்பதில்லை. அங்கே தங்கிய பிளிக்ஸ், அடுத்த தாளுக்கு டெவலப்பர் ஊற்றும்போது கூடவே ஓடி வந்திருக்கிறது. மூடியைத் தனியே வெந்நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகு எடுத்த சாம்பல் தாள், விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சாம்பலாக வந்தது.

அதன் பிறகே பாட்டியின் மணக்கோலப் படத்தின் நெகட்டிவை ஏற்றினார்கள். பழைய வடிகட்டி எண்கள் யாவும் பயனற்றுப் போனமையால், புதியவற்றைத் தேட ஐந்து தாள்கள் செலவாயின. ஆறாவது தாளில் கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு சரியாக அமைந்தது.